ஆற்றில் வந்த சீர்

மஞ்சளாக ஏதோ மிதந்து வந்தது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரம் ஓடினாள்.

பூசணிக்காய்.

"தூ, நீயா!" என்றாள். அது அவளுக்கு என்ன பாவம் செய்தது? பேசாமல் போய்விட்டது.

விடிந்தால் மகள் தமயந்திக்குக் கல்யாணம். தாய்மாமன் எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வரவேண்டும். தாய்மாமன் வீரணன் இருப்பதோ அக்கரையில்.

அக்கரை பர்மா. இக்கரை மணிப்பூர்.

நடுவில் இந்த ஆறு. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். மூங்கில் காடு மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ரங்கூனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் அவள் வீட்டார். ராமநாதபுரத்துச் சீமையில் பிழைப்பு ஓடவில்லை. தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தார்கள். இந்தக் கரையில் மறித்தார்கள். மறித்த இடத்திலேயே கொட்டகை போட்டு, கோயில் கட்டி, இட்லிக்கடையும் வைத்துவிட்டார்கள். சும்மாவா!

அண்ணன் அக்கரைத் தமிழ்க் குடும்பத்தில் பெண்ணெடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனான். அப்போதெல்லாம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். யார் கேட்டார்கள்?

அங்கே சண்டை மூண்டதும் எல்லைக் கதவைப் பூட்டியது பூட்டியதுதான். அண்ணி செத்ததற்குக்கூட அவளால் போக முடியவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அண்ணன் ஒண்டிக்கட்டை.

அந்தக் காலத்தில் ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் இந்த மண்ணுக்காக அடித்துக்கொண்டு செத்தார்கள். இப்போது கரைக்கொரு காவல் கூண்டு. ஆசியாவுக்கே இதுதான் வாசல் என்று பெரிய பெரிய அதிகாரிகள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

வாசல்தான். திறந்தால்தானே?

அண்ணன் கடைசியாகப் போனில் பேசியபோது சொன்னான்.

"ஆறு எங்க பக்கத்துல இருந்து வளைஞ்சு வந்து ஒங்க படித்துறையிலதானே மோதுது? கல்யாணத்துக்கு மொத நா காலையில சேலைய ஒரு மஞ்சக் கொடத்துல போட்டு விடுறேன். நீ புடிச்சுக்க தங்கச்சி."

மறுநாளே அக்கரையில் டவர் செத்துப்போனது. சொன்னதைச் செய்வானா, செய்யமுடிகிற நிலையில்தான் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது.

மறுபடியும் மஞ்சள்!

இந்த முறை குடம். பிளாஸ்டிக் குடம். வாயைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"தமயந்தி! ஏடி, ஒங்க மாமன் சீரு வருதுடி!"

குடம் ஆடி அசைந்து வந்தது. வளைவில் திரும்பியது. நட்டநடு ஆற்றில் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்தத் திட்டுதான் எல்லை.

அடப்பாவி மணலே!

அவள் தண்ணீரில் கால் வைத்தாள். இக்கரைக் கூண்டிலிருந்து சிப்பாய் இந்தியில் அதட்டினான். அக்கரைச் சிப்பாயும் துப்பாக்கியோடு திட்டுவரை இறங்கி வந்தான். குடத்தையே உற்றுப் பார்த்தான். வெடிகுண்டோ என்னவோ என்று நினைத்திருப்பான்.

துப்பாக்கி குடத்தை நோக்கித் திரும்பியது.

"ஐயா, சுட்டுராதய்யா! கல்யாணச் சேலைய்யா!"

தமிழ் அவனுக்கு எங்கே புரியும்? அப்பா பேசிய பர்மாப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு சொல் நாக்கில் வந்து நின்றது. அவர்கள் நல்ல காரியத்துக்குச் சொல்லும் சொல்.

"மிங்கலா! மிங்கலா!"

ஓடி வந்த மகளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். நலுங்கு வைத்த முகம். கைநிறைய வளையல்.

அவன் பெண்ணைப் பார்த்தான்.

குடத்தைப் பார்த்தான்.

பூட்ஸ் காலால் எட்டி ஓர் உதை விட்டான். மகராசன், நன்றாக இருக்கட்டும்!

குடம் தண்ணீரில் விழுந்து நேரே படித்துறைக்கு வந்தது. அவள் பாய்ந்து கட்டிப்பிடித்தாள். இக்கரைச் சிப்பாய் திறக்கச் சொன்னான். டியூபை அவிழ்க்கமுடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள்.

உள்ளே பச்சைப் பட்டு. ஒரு சொட்டு நனையவில்லை. மடிப்புக்குள் மஞ்சள் கிழங்கு, குங்குமம்.

"ஷாதியா?" என்றான் சிப்பாய்.

"ஆமா தம்பி, ஷாதிதான், கல்யாணம்தான்!"

அவனும் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூங்கில் காட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருப்பான். வந்து சேர்ந்ததா, ஆற்றோடு போனதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பான். போன் இல்லை. ஆறும் ஒரு பக்கம்தான் ஓடும்.

வாயருகே கையைக் குவித்தாள். நாக்கைச் சுழற்றினாள்.

குலவை.

சின்ன வயதில் அவள் குலவை போட்டால் அண்ணன் காதைப் பொத்திக்கொள்வான். "நரி ஊளையிடுது. பொம்பளைகளுக்கு வேற வேலையே இல்லையா?" என்பான். அந்த நரிக்குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டாள். தமயந்தியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு கூண்டுச் சிப்பாய்களும் திகைத்துப் பார்த்தார்கள்.

மூச்சு முட்ட நிறுத்தினாள்.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

சீர் கொடுத்த வீட்டிலிருந்து பதில் குலவை வரவேண்டும். அதுதானே முறை.

மூங்கிலுக்கு அப்பாலிருந்து வந்தது.

ஒற்றைக் குரல். கட்டைக் குரல். பழக்கமில்லாத நாக்கு, பாதியில் உடைந்து நின்றது.

இருமியது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.