நண்டு ஓடிய ஆயிரம் அடி

கடலோரத்து உயிர்களெல்லாம் சேர்ந்து வருஷாவருஷம் ஓட்டப்பந்தயம் வைக்குமாம். அதை நடத்துகிற கொக்கு, நண்டை மட்டும் ஒருநாளும் சேர்த்ததில்லை. "நீ பக்கவாட்டுல ஓடுவே, அடுத்தவங்க மேல மோதுவே" என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு வருஷம் கரையெங்கும் இருமல் நோய் பரவியது. கூட்டம் கூடாது என்பதால், அவரவர் இடத்திலேயே ஆயிரம் அடி ஓடிவிட்டு உண்மையைச் சொன்னால் போதும், பெயரை எழுதிக்கொள்கிறேன் என்று கொக்கு அறிவித்தது.

நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஈர மணலில் எண்ணிக்கொண்டே ஓடியது. தொள்ளாயிரத்தைத் தாண்டும்போது ஓர் அலை வந்து உருட்டிவிட்டதில் எண்ணிக்கை மறந்துபோனது. மூச்சு வாங்க வாங்க, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி ஆயிரத்தை முடித்தது.

சாயங்காலம் கொக்கு வந்து, தள்ளி நின்றே கேட்டது.

"ஓடினியா?"

"ஓடினேன் அண்ணே."

"நேராத்தானே?"

"பக்கவாட்டுலதான்."

கொக்கு ஒற்றைக் காலால் தலையைச் சொறிந்தது. "அட, நேரா ஓடினேன்னு சொல்லியிருந்தா பேசாம எழுதியிருப்பேனே! யார் பார்த்தா? இப்போ விதி இடிக்குதே."

"அப்படிச் சொன்னா, ஓடினது வேற யாரோ ஆயிடும் அண்ணே. அதிருக்கட்டும், இந்தத் தடவை நான் யார் மேல மோதினேன்?"

கொக்கு நீண்ட கரையைப் பார்த்தது. ஈ காக்கை இல்லை.

"அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓலையில் எழுதியது: நண்டு, ஆயிரம் அடி.

"பக்கவாட்டுலன்னும் சேர்த்து எழுதுங்க அண்ணே" என்றது நண்டு, இரண்டு கொடுக்கையும் உயரத் தூக்கிக்கொண்டு. "கொஞ்சம் பெரிசாவே எழுதுங்க."