மெதுவா நடந்தே வாங்க

"இன்னைக்கு இடமே இல்லைங்க. நாளைக்குக் காலையில கூப்பிட்டுப் பாருங்க."

குழந்தைக்குக் காய்ச்சல் என்று கெஞ்சிய தாயிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் கிளினிக் வரவேற்பாளர். அந்த டாக்டரைப் பார்க்க நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் கொம்பு இவள் கையில்தான் இருந்தது.

மறுபடி மணி அடித்தது.

"நெஞ்சு வலிக்குதும்மா. மூச்சு விடவே முடியலை" என்றது ஓர் ஆண் குரல்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பதினோரு மணிக்கு வாங்க."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடலாங்கிறா வீட்டுல..."

"எதுக்கு வீண் ஆர்ப்பாட்டம்? மெதுவா நடந்தே வாங்க."

பக்கத்தில் இருந்த நர்ஸ் பதறினாள். "நெஞ்சு வலின்னாரேக்கா!"

"அடி போடி! இது என்ன வலின்னு குரலைக் கேட்டாலே எனக்குத் தெரியும்."

பதினோரு மணி தாண்டியது. "இடத்தை வாங்கிட்டு ஆளைக் காணோம் பாரு" என்று அவள் அலுத்துக்கொண்டபோது போன் அடித்தது. எதிர்முனையில் ஒரு பெண் கதறினாள்.

"தெருமுனையில விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லையே! ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'தங்கச்சியே நடந்து வரச் சொல்லிட்டா, பயப்பட ஒண்ணுமில்லை'ன்னுட்டாரே!"

போன் அவள் கையிலிருந்து நழுவியது.

"யாருக்கா?" என்றாள் நர்ஸ்.

"அண்ணி."

பதிவேட்டில் பதினோரு மணிக்கு எதிரே தான் எழுதியிருந்த அண்ணன் பெயரைப் பார்த்தாள்.

"போன மாசம் கால் ஆணிக்கு வந்தாரு. அதுக்கு முந்தி காது அடைப்புக்கு. என்ன நோவா இருந்தாலும் நெஞ்சு வலின்னு சொல்லுங்கண்ணா, உடனே இடம் போட்டுத் தரேன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."