பத்து நாற்பது

தொழிற்சாலையின் சோதனை மேசையில் பவர் சப்ளை போர்டு வெடித்து, தொழிலாளி இசக்கியம்மாளின் கை வெந்துபோனது. அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று மேலாளர் எட்வின் அன்றே எழுதிவிட்டார். பொறியாளர் தமயந்திக்கு மனம் ஒப்பவில்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிப், கடைசியாக நடந்ததைத் தன்னுள் பதிந்து வைத்திருக்கும். கருகிய போர்டிலிருந்து அதைக் கழற்றி, யாரிடமும் சொல்லாமல் கணினியில் இணைத்தாள். வெடிப்பதற்குச் சற்று முன், காலை பத்து நாற்பதுக்கு யாரோ மின்னழுத்தத்தின் பாதுகாப்பு வரம்பை உயர்த்தியிருந்தார்கள். அந்நேரம் இசக்கியம்மாள் தமயந்தியோடு கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கைபேசி ஒலித்தது. எட்வின்.

“அந்தச் சிப்புல ஒண்ணும் இருக்காதும்மா. எதுக்கு வீணா மெனக்கெடுறீங்க?”

தமயந்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

“ஆமா சார், எல்லாம் கருகிப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே, கணினியிலிருந்து அந்தப் பதிவை இசக்கியம்மாளின் மகளுக்கு அனுப்பினாள்.

மறுமுனையில் எட்வின் “சரிம்மா” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.