காலேஜ் ப்ராஜெக்ட்

சாந்தனு அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் இருக்கும் அம்மணியின் மளிகைக் கடைக்கு அவன் வருவது இது நான்காவது நாள்.

அவனைப் பார்த்ததும் அம்மணி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். முதல் நாளே அவன் காலேஜ் ப்ராஜெக்ட் என்று சொல்லியிருந்தான். எந்த ஊர் என்று அவள் கேட்டபோது மட்டும் உண்மை வந்துவிட்டது. சமணர் மடம் இருக்கும் மேல்சித்தாமூர் என்றான்.

சமணர் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஐந்தரை மணிக்கெல்லாம், வெங்காயம் போடாமல் தனியாகக் கிண்டிய உப்புமா அவன் முன்னால் வந்துவிடும். "நீங்க இருட்டுனா சாப்ட மாட்டீங்களே. பொழுதோட சாப்ட்டுடுங்க தம்பி," என்பாள்.

அந்த உப்புமாதான் அவனுக்குத் தொண்டையில் நின்றது. அவன் மாணவனே இல்லை. ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியில், அடுத்த கிளையை எந்தத் தெருவில் திறந்தால் ஓடும் என்று ஆராய்ந்து சொல்வது அவன் வேலை. அம்மணியின் கடைக்கு எதிரே இருந்த காலி மனையைக் கம்பெனி பார்த்து வைத்திருந்தது.

அவன் கேட்டதற்கெல்லாம் அவள் மறைக்காமல் பதில் சொன்னாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் மாதத்தில் எந்தெந்த கிராமத்துக்காரர்கள் மூட்டையாக வாங்குவார்கள், எந்தச் சோப்பு ஓடும், எந்தக் கிழமை ஈ ஓட்ட வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்க மறந்ததைக்கூட முந்தாநாள் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"பெரிய லாரி நின்னு சரக்கு எறக்க முடியுமான்னு கேக்கலியே தம்பி? காலைல ஏழு மணிக்குள்ளன்னா முடியும்."

அதையும் அவன் குறித்துக்கொண்டான். நேற்று அறிக்கையை அனுப்பிவிட்டான். பிரமாதம் என்று மேலதிகாரி பதில் போட்டிருந்தார்.

இன்றைக்கு அவன் வந்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த விழுப்புரம் லாட்ஜில் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவள் கொண்டுவந்து வைத்த உப்புமாத் தட்டைத் தொடாமல், குனிந்த தலை நிமிராமல், எல்லாவற்றையும் சொன்னான். எதிரே கிளை திறந்தால் இந்தக் கடை ஆறு மாதம் தாங்காது என்று அறிக்கையில் எழுதியிருப்பதையும் சொன்னான்.

"மன்னிச்சிடுங்கக்கா."

அம்மணி தராசிலிருந்த துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டி, காத்திருந்தவரிடம் கொடுத்து அனுப்பினாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. முன்பு தனக்கு விழுப்புரத்தில் கடை இருந்தது என்றாள். அங்கேயும் ஒருவர் வந்து இதையெல்லாம் விசாரித்துவிட்டுப் போனாராம். எதிரே பெரிய கடை வந்ததாம், அடுத்த பொங்கலுக்குள் இவள் மூடிவிட்டாளாம்.

"அவுரும் காலேஜ் ப்ராஜெக்ட்னுதான் சொல்லிக்கினு வந்தாரு," என்றாள்.

சாந்தனுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தெரிந்துகொண்டேவா இத்தனையும் சொன்னீர்கள் என்று முணுமுணுத்தான்.

அம்மணி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். மேலே பயோடேட்டா என்று டைப் அடித்திருந்தது. ஓரத்தில் அவளுடைய போட்டோ.

"அங்க கடைய மூடிட்டு அப்பறமா அந்தப் பெரிய கடைக்கே வேல கேட்டுப் போனேன், ஆளு எடுத்தாச்சுன்னுட்டாங்க. இந்தவாட்டி மொதல்லியே குடுத்துடறேன் தம்பி."