தூண் எழுந்திருக்காத மதியம்

உலகத்தின் பெரிய கலை எதுவும் உட்கார்ந்து செய்யப்பட்டதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கலைக் கல்லூரியின் இறுதியாண்டுச் சிற்ப மாணவர். பாறையைக் குடைந்தவன் நின்றான், சுவரில் தீட்டியவன் நின்றான். உட்கார்ந்தவன் காய் நறுக்கினான், கணக்கெழுதினான், பட்டன் தைத்தான் என்பது அவரது ஆராய்ச்சியின் சுருக்கம். விரிவைக் கேட்டால் மதியச் சாப்பாடு போய்விடும்.

டீ குடிப்பதும் நின்றபடிதான். அதனால் எல்லோருக்கும் அவர் தூண்.

தூணுக்கு ஒரு தங்கை. இரண்டாமாண்டு, என் வகுப்பு. உட்கார்ந்து எம்ப்ராய்டரி போடுகிறவள். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆண்டிறுதி மதிப்பீட்டுக்குத் துணியில் தைக்க அவள் எடுத்துக்கொண்டது, நாங்கள் தினமும் வரும் பஸ்ஸின் கிழிந்த சீட். பச்சை ரெக்சின் வாயைப் பிளந்து, உள்ளிருந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்குமே, அது. பஞ்சு முழுக்க முடிச்சுத் தையல். ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, ஏறின இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கினால் கடுகளவு ஒரு முடிச்சு விழும். அப்படிக் கடுகு கடுகாக ஒரு சீட்டுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள்.

தூண் வந்து பார்த்தார். நின்றபடி.

"ஊர்ல எல்லாரும் கிழிஞ்சதைத் தைப்பாங்க. நீ கிழிசலையே தைக்கிறே. அப்பாகிட்ட இதை என்னன்னு சொல்றது?"

"நீ இத்தனை வருஷமா கல்லை ஒடைக்கிறதை என்னன்னு சொன்னியோ, அப்படியே சொல்லு."

மதிப்பீட்டு நாள் காலையில், நூலை வெட்டப் போன கத்தரி அவள் ஆள்காட்டி விரலை வெட்டிவிட்டது. பஞ்சில் ஒரு மூலை பாக்கி.

முடிக்காத வேலையை எங்கள் கல்லூரி ஏற்காது. மேசை காலியாக இருந்தால் அந்த ஆண்டும் காலி. மறுபடி முதலிலிருந்து இரண்டாமாண்டு. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். கல் தூக்க ஆள் வேண்டும் என்று சண்டை போட்டு அந்த விதியை வாங்கித் தந்ததே தூண்தான். நான் உதவ முன்வந்தேன். என் முதல் முடிச்சைப் பார்த்துவிட்டு, ரத்தம் சொட்டுகிற கையாலேயே ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மருந்தகத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். தூணைக் காவலுக்கு நிறுத்தினோம்.

"எதையும் தொட்டுத் தொலைக்காதே," என்றாள் தங்கை.

"நானா? இதையா?" என்றார் தூண்.

கட்டுப்போட்ட விரலோடு நாங்கள் மதியம் திரும்பியபோது, பேராசிரியர் எங்களுக்கு முன்னால் நுழைந்துகொண்டிருந்தார். அவர் வந்தால் எழுந்து நிற்பது எங்கள் கூடத்து வழக்கம். நாற்காலிகள் எல்லாம் தரையில் கீச்சிட்டன.

ஒன்று மட்டும் கீச்சிடவில்லை.

தங்கையின் நாற்காலியில், முட்டியை மேசைக்கடியில் நுழைத்துக்கொண்டு, தூண் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார்.

"சிற்பத் துறையில எழுந்திருக்கிற வழக்கம் இல்லையோ?"

"கால் மரத்துப்போச்சு சார்."

பேராசிரியர் மேசையைப் பார்த்தார். நூல்கண்டு இருந்தது, கத்தரி இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது. பஸ் சீட் இல்லை.

"வேலை எங்கேம்மா?"

அவள் மேசையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"எங்கே அண்ணா வச்சே?"

தூண் மேசையோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தார். அவள் கட்டுப்போட்ட விரலை மறு கையால் பொத்திக்கொண்டாள். உதடு கோணத் தொடங்கியது. பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார்.

தூண் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்தார்.

அவரோடு பஸ் சீட்டும் எழுந்தது.

துணியை இழுத்துப் பிடிக்கும் வட்டச் சட்டத்தோடு, இடது தொடையில், இடுப்பை விட்டு இறங்க மறுக்கிற குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மடியில் வைத்துத் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பதுதான். துணியோடு சேர்த்துப் போட்டிருக்கும் உடுப்பையும் தைத்துவிடுவார்கள். ஆனால் ஒரு தையலிலேயே தெரிந்துவிடும். இவர் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார். பாதி மூலை தைத்து முடிக்கும்வரை அவருக்குத் தெரியவில்லை.

முடிக்காத நூலில் ஊசி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம்.

பேராசிரியர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தொடைக்கு நேராகக் குனிந்து, முடிச்சுகளை நிதானமாகப் பார்த்தார்.

"உதவியாளரா?"

"ஆமா சார். கல் தூக்குறதுக்குப் பதிலா."

"இன்னும் பாக்கி இருக்கே." பேனாவை மூடினார். "அடுத்த கூடத்தை முடிச்சிட்டு வரேன்."

அவர் தலை மறைந்ததும் தங்கை இடது கையால் கத்தரியை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அசையாதே தூணே. பிரிச்சு விடறேன்."

"பிரிச்சா முடிச்செல்லாம் போயிடும். பேண்ட்டை அப்புறம் வெட்டிக்கலாம்."

ஆடிக்கொண்டிருந்த ஊசியைப் பிடித்து, நூலை இரண்டு சுற்று சுற்றினார். கூடம் முழுக்க நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

தூண் நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தார்.