கதவைத் தட்டிய பேய்

அலுவலக ஹாலோவீன் விருந்துக்காகத் தமயந்தி தன் ஐம்பத்திரண்டாவது வயதில் முதன்முறையாகப் பேய் வேஷம் போட்டாள். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. முதல் பரிசும் அவளுக்குத்தான். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியபோது கதவு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களை எனக்குத் தெரியாது" என்றது.

"நான்தான், தமயந்தி."

கதவு அசையவில்லை. அதற்கு முகம்தான் சாவி. கைபேசிக்கும் அப்படித்தான். எண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் அந்தச் சாயம் போகும். எண்ணெய் வீட்டுக்குள் இருந்தது.

எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று வருடமாக அவளுக்குத் தெரியாது. அந்தக் குடியிருப்பில் எந்தக் கதவிலும் அழைப்புமணி கிடையாது. தயங்கித் தயங்கி விரலால் தட்டினாள்.

திறந்த பெண்ணுக்கும் அவள் வயதுதான் இருக்கும். ஒரு கணம் திகைத்து நின்றவள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் பிலோமினா என்றாள்.

"கொஞ்சம் தேங்காயெண்ணெய் கிடைக்குமாங்க? என் வீடு என்னை உள்ள விட மாட்டேங்குது."

"தரேன், வாங்க. அஞ்சு வருஷத்துல என் கதவைத் தட்டின மொத ஆளே நீங்கதான்."

எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்த பிலோமினா அதைக் கொடுக்காமல் தமயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சாயம் மிச்சம் இருக்கா?"

"பையில இருக்கு. ஆனா பூசிக்கிட்டா உங்க கதவும் உங்களை விடாதே."

"விட வேண்டாம். எண்ணெயக் கையோட எடுத்துக்கறேன். இந்த மாடியில இன்னும் ஆறு வீடு இருக்கு."

கால் மணி நேரத்தில் இரண்டு பேய்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டின.