இனிப்பா, புளிப்பா?

“இன்னைக்கு இனிப்பா, புளிப்பா?” என்று போனில் கேட்டாள் ரோகிணி. மாசமாக இருப்பவளிடம் புருஷன் கேட்க வேண்டியதை இவள் கேட்கிறாளே என்று சிரித்துக்கொண்டே போனாள் பக்கத்து வீட்டு மாயக்காள்.

அவள் புருஷன் ஜெயபாண்டி வளைகுடாவில் எரிவாயுக் கிணற்று வேலைக்குப் போய் நாற்பது நாள்தான் ஆகிறது. சேர்ந்த அன்று இங்கிலீசில் நடந்த வகுப்பில் அவனுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள். விஷம் கலக்காத வாயு ‘ஸ்வீட்’. விஷம் கலந்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால் ‘சவர்’.

அதைத்தான் ரோகிணி இனிப்பு, புளிப்பு என்று ஆக்கிக்கொண்டாள். இனிப்பு என்று அவன் வாயால் கேட்ட பிறகுதான், இங்கே ஊரில், பரவையில், அவளுக்குச் சோறு இறங்கும்.

“காலையில புளிப்புத்தான் புள்ள. கேபினுக்குள்ளயே முட்டை நாத்தம்.”

“மொதல்ல எந்திரிச்சு வெளிய போங்க.”

“ஏன் பதறுற? பத்து நிமிசமா துளி நாத்தம் இல்ல. இனிப்பாயிருச்சு.”

அவள் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயைத் திறந்து வைத்திருப்பதாகவும், அதுகூட இன்று மணக்கவில்லை என்றும் குறைபட்டுக்கொண்டான். தலை வலிக்கிறது, கண்ணைச் சொக்குகிறது, செத்த நேரம் படுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டான்.

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அடுப்படிக்குப் போய்ப் புது ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்து முடிக்கவும் சோணைமுத்து வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதே கிணற்றில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவன் அவன். லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறான்.

“இத அவருகிட்டக் குடுத்துருங்கண்ணே. பழசு மணம் விட்டுப்போச்சாம்.”

“நார்த்தங்கா எங்கிட்டு தங்கச்சி நாப்பது நாள்ல மணம் விடும்?”

அவள் சிரித்தாள். கேபினில் முட்டை நாற்றம் அடித்ததையும், அது தானாக நின்றதையும், அவன் நிம்மதியாகப் படுத்துவிட்டதையும் சொன்னாள்.

சோணைமுத்து பாட்டிலைக் கீழே வைத்தான். ஜெயபாண்டிக்குப் போன் போட்டான். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி போட்டான். மறுபடியும் நின்றது.

“அசந்து தூங்குறாரு போல. நாத்தந்தான் போயிருச்சுல்லண்ணே?”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாத்தம் போகல தங்கச்சி. மூக்கு செத்துப்போச்சு.”